கனடாவில் ஈழத்தமிழர் குடும்பம்

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறி, பெரும்பாலும் ரொறன்ரோ பெரும்பாகத்திலும் மொன்றியலிலும் குடியேறிய தமிழர்களின் குடும்ப அமைப்பு இத்தலைப்பில் விளக்கப்படுகிறது. இலங்கைக்கு வெளியே ஈழத்தமிழர் மிகுதியாக வாழும் நகரங்களில் ரொறன்ரோ முதல் வரிசையில் இருக்கிறது. இக்குடும்பங்களின் உறுதியைப் பண்பாட்டுப் பெருமையாகப் பேசுவதே வழக்கம். ஆனால் அந்த உறுதியில் பெரும்பங்கு, சட்டமும் இலங்கைப் போரும் பிரித்துவைத்த உறவுகளைத் திரும்ப ஒன்றுசேர்க்க வேண்டியிருந்த நெருக்கடியில் உருவானது.

வருகை

இலங்கையில் தமிழருக்கெதிராக நடந்த 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு கனடா இலங்கையருக்கெனச் சில விசேட குடிவரவு ஏற்பாடுகளைச் செய்தது. 1985 ஏப்ரலில் கனடிய உச்ச நீதிமன்றம், சிங் வழக்கில், அகதிக் கோரிக்கையாளரின் வாய்மொழியை நேரில் கேளாமல் அவருடைய கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான தமிழர்களுக்கு வழி திறந்ததில் இத்தீர்ப்புக்குப் பெரும்பங்குண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 150க்கும் மேற்பட்ட தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் கரைசேர்த்தார்கள். 2010 ஆகஸ்டில் 492 பேருடன் மேற்குக் கரைக்கு வந்த ‘சன் சீ’ கப்பலுக்கு அந்த வரவேற்பு இல்லை. வந்தவர்களில் பலர் மாதக்கணக்கில் தடுப்பில் வைக்கப்பட்டார்கள்.

கப்பல்கள் செய்தியானாலும், மிகப் பெரும்பாலானோர் விமானத்தில், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டி, தனித்தனியாகத்தான் வந்தார்கள். குடும்பத்தில் ஒருவர், அதுவும் பெரும்பாலும் ஓர் இளைஞர், முதலில் அனுப்பப்படுவார். காணியை ஈடுவைத்தோ தாயின் நகையை விற்றோ அவருடைய பயணச் செலவு கட்டப்பட்டிருக்கும். ஆகவே உணவகத்தில் கோப்பை கழுவியும் இரவில் தொழிற்சாலையில் நின்றும் அவர் சம்பாதித்த முதற்சில ஆண்டுகளின் பணம் அவருடையதாக இருக்கவில்லை. கடன் தீர்ந்தபின் தங்கைமாரின் சீதனம் வரும். யாழ்ப்பாணத்தாருக்கென ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்திலேயே சீதனம் பெண்ணின் சொத்தாக இடம்பெற்றிருக்கிறது. அதைத் தேடிக்கொடுக்கும் பொறுப்பு போர்க்காலத்தில் வெளிநாட்டிலிருந்த அண்ணன்மாரின் தலையில் விழுந்தது. தங்கைமாரைக் கரைசேர்த்துவிட்டு நாற்பதை நெருங்கும்போது தாம் கல்யாணம் செய்தவர்கள் அந்தத் தலைமுறையில் பலர். குடும்ப ஒற்றுமையைப் புகழும்போது இவர்கள் கொடுத்த விலையையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

சட்டம் வகுத்த குடும்பம்

யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றால் பெரியம்மா, சித்தப்பா, மாமி, மச்சான், பெறாமக்கள் (உடன்பிறந்தாரின் பிள்ளைகள்) எல்லோரும் அதற்குள் வருவார்கள். கனடியக் குடிவரவுச் சட்டத்தின் குடும்பத்தில் கணவன் அல்லது மனைவியும் அவர்களில் தங்கிவாழும் பிள்ளைகளும்தான் முதலிடத்தில் இருக்கிறார்கள். பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் ஸ்பொன்சர் செய்யலாம், ஆனால் அது தனி வரிசை, நீண்ட காத்திருப்பு. உடன்பிறந்தாரையும் பெறாமக்களையும் அழைக்க வேண்டுமானால் அவர்கள் 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத, தாய் தகப்பனற்ற பிள்ளைகளாக இருக்கவேண்டும். நெருங்கிய உறவு எவருமே இல்லாத தனியாளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு.

பிள்ளை என்பதன் எல்லையும் நிலையாக இருக்கவில்லை. தங்கிவாழும் பிள்ளைக்கான வயது 2014 ஆகஸ்டில் 22க்குக் கீழ் என்பதிலிருந்து 19க்குக் கீழ் என்று குறைக்கப்பட்டு, 2017 அக்டோபரில் மீண்டும் 22 ஆக்கப்பட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களுக்கு, பத்தொன்பது வயது மகன் குடும்பத்துக்கு வெளியே நின்றான். வந்திறங்கும்போது படிவத்தில் எழுதாமல் விட்ட மனைவியையோ பிள்ளையையோ பின்னாளில் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்ற விதி 2002இன் ஒழுங்குவிதிகளில் உண்டு. 2019இல்தான் ஒரு தளர்வுத் திட்டம் வந்தது. ஏஜென்சிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி தனியாள் என்று எழுதியவர்களுக்கு அந்த விதி எவ்வளவு பெரிய பொறி என்பதை விளக்க வேண்டியதில்லை.

பெயரும் சிக்கலைக் கூட்டியது. தகப்பன் பெயரை முன்னொட்டாகக் கொள்ளும் வழக்கப்படி, கந்தையாவின் மகன் சிவகுமாருக்குப் படிவத்தில் குடும்பப் பெயர் கந்தையா. அவருடைய பிள்ளைகளுக்கு அது சிவகுமார். மனைவி தம் தகப்பன் பெயரோடோ கணவன் பெயரோடோ இருப்பார். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருப்பதைப் பள்ளிக்கூடத்துக்கும் வங்கிக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறை பாட்டனின் பெயரை நிலையான குடும்பப் பெயராக்கிக்கொண்டது. ஊரில் இல்லாத இந்த வழக்கம் கனடாவில் ஒரே தலைமுறையில் வேரூன்றிவிட்டது.

வீடும் காசும்

தொடக்கத்தில் வந்தவர்கள் ரொறன்ரோ நகர மையத்தின் செயின்ட் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் கூட்டாகத் தங்கினார்கள். அங்கிருந்து ஸ்காபரோ, பிறகு மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் என்று குடும்பங்கள் நகர்ந்தன. இந்த நகர்வைச் சாத்தியமாக்கியவற்றில் முக்கியமானது சீட்டு. மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டுவார்கள். அவசரக்காரர் கழிவு கேட்டு முதலில் எடுத்துக்கொள்வார். பொறுத்திருப்பவருக்கு அந்தக் கழிவே லாபம். கடன் வரலாறு இல்லாத புதியவரை வங்கி ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில், வீட்டுக்கான முற்பணம் பலருக்கு இப்படித்தான் சேர்ந்தது. எழுத்தில் எதுவும் இராது. சீட்டை நடத்தும் தாச்சியின் நாணயம்தான் பிணை. தாச்சி காசோடு மறைந்தால் வழக்குப் போட வழியின்றி, உறவும் காசும் சேர்ந்தே போகும்.

வாங்கிய வீட்டில் அநேகமாக ஒரு பேஸ்மென்ற் இருக்கும். அதில் தனி அடுப்பும் தனி வாசலும் வைத்து, புதிதாக வந்த மச்சானோ வாடகைக்கு ஒரு குடும்பமோ குடியிருக்கும். மோட்கேஜில் ஒரு பகுதி அங்கிருந்து வரும். குடிவரவுச் சட்டம் குடும்பமாக ஏற்காத உறவுகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டது பெரும்பாலும் இந்த நிலக்கீழ் அறைகளில்தான்.

அம்மம்மாவின் இடம்

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளைகளை வளர்ப்பவர் அம்மம்மா. காலையில் இடியப்பம் அவிப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருவதும், கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்கப் பழக்குவதும் அவர் வேலை. வீட்டில் தமிழ் தங்கியிருப்பதற்கு அவரைவிட வலுவான காரணம் வேறில்லை.

ஆனால் அவர் நிலை சங்கடமானது. பெற்றோரை ஸ்பொன்சர் செய்யும் திட்டம் 2011 நவம்பரில் இடைநிறுத்தப்பட்டது; அடுத்த மாதம், பெற்றோர் பார்வையாளராக நீண்டகாலம் தங்க இடமளிக்கும் சுப்பர் விசா வந்தது. 2014இல் திட்டம் மீளத் திறந்தபோது விண்ணப்பங்கள் 5,000 என்று மட்டுப்படுத்தப்பட்டன. பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பேற்புக் காலமும், கியூபெக் தவிர்ந்த இடங்களில், பத்தாண்டிலிருந்து இருபதாண்டாயிற்று. முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகப் பத்தாண்டு வதிவிடம் வேண்டும். அதுவரை ஒரு பஸ் ரிக்கற் வாங்கவும் அவர் மகளின் கையை எதிர்பார்க்க வேண்டும். ஊரில் சொந்தக் காணியில் சொந்தக் கிணற்றடியில் அதிகாரத்தோடு இருந்தவர், இங்கே ஊதியமில்லாத பிள்ளைப் பராமரிப்பாளர் ஆகிவிடுவதும் உண்டு. பேரப்பிள்ளைகள் வளர்ந்து தேவை குறையும்போது தனிமை கூடும். குளிர்காலத்தில் வெளியே இறங்கவும் வழியில்லை. சமூக நிலையங்கள் நடத்தும் தமிழ் மூத்தோர் ஒன்றுகூடல்களுக்குக் கூட்டம் சேர்வதற்குக் காரணம் இதுதான்.

பிள்ளைகள்

புலம்பெயர் குடும்பத்தில் பிள்ளைதான் பெற்றோருக்கு வாய். வங்கிக் கடிதம் படிப்பதிலிருந்து மருத்துவரிடம் தாயின் வருத்தத்தைச் சொல்வதுவரை பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்கிவிடும். பொறுப்புணர்வு வளர்கிறது என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. தாயின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி மகன் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டி வரும் இடத்தில் அந்தப் பாராட்டு பொருந்தாது. தனக்குத் தெரியாத உலகத்துக்குப் பிள்ளையை வழிகாட்டியாக வைத்திருக்கும் தகப்பன், அதே பிள்ளையைக் கண்டிக்கும்போது சொல்லுக்கு வலு குறைகிறது. 1990களில் ரொறன்ரோத் தமிழ் இளைஞர் குழு மோதல்களுக்குப் பல காரணங்கள் உண்டு. இரட்டை வேலையில் வீட்டில் இல்லாத பெற்றோரும், போரைச் சிறுவயதில் பார்த்து வந்த மனங்களும் அவற்றில் சேர்த்தி. அந்த மோதல்களுக்கு எதிர்வினையாகவே தமிழ் இளைஞர்கள் தமக்கான சேவை அமைப்புகளை உருவாக்கினார்கள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, மிருதங்கம், பரதம் என்று பண்பாட்டுக் கல்வி வார இறுதியை நிரப்பியது. ஒன்ராறியோ 1977இல் தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் வழியில் பள்ளிச் சபைகளே தமிழ் வகுப்புகளை நடத்தின. அரங்கேற்றமும், பெண்பிள்ளை பூப்பெய்தியதைக் கொண்டாடும் சாமத்திய வீடும் மண்டபம் எடுத்து நடத்தும் பெருவிழாக்களாயின. இவற்றின் செலவு சில வீடுகளில் கடனில் முடிந்தது. சாதியும் சத்தமில்லாமல் கூடவே வந்தது. பல்கலைக்கழகம் முடித்த பிள்ளையின் காதலைப் பெற்றோர் ஏற்கத் தயங்கும்போது, மற்றவர் எந்த ஊர் என்ற கேள்விக்குள் அது மறைந்திருக்கும்.

கனடிய உளவியலாளர் ஜோன் பெரி, குடிவந்தவர்கள் புதிய சமூகத்தோடு கொள்ளும் உறவை நான்காக வகுத்தார்: தாய்ப் பண்பாடு, புதிய பண்பாடு இரண்டையும் வைத்துக்கொள்வது, கரைந்துபோவது, ஒதுங்கி வாழ்வது, இரண்டுமற்று நிற்பது. ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றிலும் தங்கை இன்னொன்றிலும் இருக்கலாம் என்பதை ஸ்காபரோவில் எவரும் சொல்வார்கள். குடும்ப வலிமைகளை ஆராய்ந்த அமெரிக்கர்கள் நிக் ஸ்ரினெற், ஜோன் டிஃப்ரெய்ன் இருவரும் கூடியிருக்கும் நேரத்தை முக்கிய அடையாளமாகக் கொண்டார்கள். இரட்டை வேலைக் குடும்பத்தில் அந்த அளவுகோல் சரியாக வேலைசெய்யாது.

2009

இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் தலைமுறைகளுக்கிடையிலான உறவு மாறியது. அதுவரை ஊர் அரசியல் பெரியவர்களின் பேச்சு. 2009இல் போரை நிறுத்தக் கோரி ரொறன்ரோ வீதிகளில் திரண்டவர்களில் கனடாவில் வளர்ந்தவர்கள் முன்னணியில் நின்றார்கள். மே 10 அன்று கார்டினர் விரைவுச்சாலையை மறித்த கூட்டத்தில் குழந்தை வண்டிகளும் இருந்தன. தொலைக்காட்சி ஒலிவாங்கிக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்ன பிள்ளைகள், பெற்றோர் வாய்திறந்து சொல்லாத ஊர்க்கதைகளை வீட்டுக்கு வந்து கேட்கத் தொடங்கினார்கள். ராதிகா சிற்சபைஈசன் 2011இல் ஸ்காபரோவிலிருந்து கனடிய நாடாளுமன்றத்தின் முதல் தமிழ் உறுப்பினரானார். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இலும் கூட்டாட்சி நாடாளுமன்றம் 2016இலும் ஏற்றன.

மூன்றாம் தலைமுறையில் பல பிள்ளைகள் தமிழைக் கேட்டு விளங்கி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். சிலர் பதின்ம வயதில் விட்ட தமிழை, தமக்குப் பிள்ளை பிறந்தபின், மறுபடி எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். தமிழைத் தக்கவைக்கும் முயற்சி வீட்டோடு நிற்கவில்லை: ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கான நிதியில் பெரும்பகுதி சமூகத்திடமிருந்தே திரட்டப்பட்டது.