ஷிஃப்ட் முடிந்த பிறகு ஒரு பட்டம்

"ரெகுலரா, கரஸ்ஸா?" வேலைக்கான நேர்காணலில் என்னை இப்படிக் கேட்டிருக்கிறார்கள். 'கரஸ்' என்றதும் எதிரே இருப்பவர் அடுத்த தாளைப் புரட்டிவிடுவார். திருவொற்றியூரில் பிறந்து, இங்கேயே ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, பி.காமும் பிறகு எம்.பி.ஏ.வும் அஞ்சல் வழியில் முடித்தவன் நான். வேலையோடு சேர்த்துப் படிக்கிற வணிகப் படிப்பு, உண்மையான படிப்பின் மலிவுப் பதிப்பு என்று பலர் நம்புகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இந்தியாவில் நிர்வாகப் படிப்பு தொடங்கியதே வேலையில் இருந்தவர்களுக்காகத்தான். 1953ல் கல்கத்தாவில் சமூக நல மற்றும் வணிக நிர்வாக நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகம் தன் நிர்வாகவியல் துறையைத் திறந்தது. அங்கே வந்தவர்கள் அலுவலகம் முடித்து மாலையில் வந்த கம்பெனி அதிகாரிகள். டெல்லியில் முழுநேர எம்.பி.ஏ. வந்தது 1967ல்தான். அகமதாபாத், கல்கத்தா ஐ.ஐ.எம்.கள்கூட 1961ல் வந்தவை. ஆக, மாலை வகுப்புதான் மூத்தது.

சென்னையில் இந்தக் கதை இன்னும் பழையது. 1886ல் பச்சையப்பன் அறக்கட்டளையின் தர்மகர்த்தாக்கள் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினார்கள். பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி வந்தது 1913ல். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கணக்குப்பதிவைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் துறைமுகத்தை நம்பி நடந்த கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் ஆள் வேண்டியிருந்தது. வடசென்னைத் தெருக்களில் பிறகு முளைத்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் எல்லாம் அந்தத் தேவையின் வாரிசுகள். என் அக்கா லோயரும் ஹையரும் முடித்தது அப்படி ஓர் இன்ஸ்டிடியூட்டில், காலை ஆறு மணி பேட்சில்.

ஆனால் குமாஸ்தாவுக்குக் கிடைத்த மாலை, ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. மாலை என்று ஒன்று இருந்தால்தானே மாலைக் கல்லூரி! 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களோடு நின்றார்கள். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே தினம். சட்டம் மெல்ல மெல்லத்தான் இறங்கி வந்தது. 1922ல் வாரத்துக்கு 60 மணி நேரம், 1934ல் 54, 1946ல் 48. 1948ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் அந்த 48 மணி நேரத்தை உறுதி செய்தது. தொழிலாளியின் கையில் புத்தகம் வந்ததை எழுதுகிறவர்கள் கல்லூரி தொடங்கிய ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த மூன்று எண்களையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊரின் முகம் மாறியது. 1946ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் தொழில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் வளர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. 1955ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் வண்டி தயாரானது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் ரயில் நிலையத்திலும் இப்போது மெட்ரோவிலும் நிற்கிறது. சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் வீடுகளில் அடுப்பு பற்றவைப்பார்கள்.

மாலைக் கல்லூரிகளுக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் அவை ஜெனரல் ஷிஃப்ட்காரர்களுக்கானவை. காலை எட்டரைக்குப் போய் ஐந்து மணிக்கு வெளியே வருகிறவர் ஆறு மணி வகுப்பில் உட்காரலாம். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுகிறவர் என்ன செய்வார்? ஏ ஷிஃப்ட் என்றால் மதியம் இரண்டுக்கு விடுதலை, வகுப்புக்குப் போய்விடலாம். பி ஷிஃப்ட் வாரத்தில் இரவு பத்து வரை மெஷின் முன்னால். சி ஷிஃப்டில் வகுப்புக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்கு ஓட வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் முழுதாகப் போனால் வருகைப்பதிவு எங்கே தேறும்? மெஷினில் நின்றவர்களில் மாலைக் கல்லூரியில் சேர்ந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் படிப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. இரவு ஒன்பதுக்கு வகுப்பு முடிந்து காலடிப்பேட்டைக்குத் திரும்பி வர எந்த வீடு சம்மதித்தது?

அதனால்தான் தபால் வழிக் கல்வியை நான் பெரிய திருப்பமாகப் பார்க்கிறேன். லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் தேர்வு எழுதலாம் என்று கதவைத் திறந்தது. லண்டனை மாதிரியாக வைத்து 1857ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அந்த மனம் வர நூறாண்டுக்கு மேல் ஆனது. டெல்லி 1962ல் அஞ்சல் வழியைத் தொடங்கியது. மதுரை 1971ல், அண்ணாமலை 1979ல், சென்னை 1981ல். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987ல் தன் முதல் இரண்டு படிப்புகளைத் தொடங்கியபோது, அவற்றில் ஒன்று நிர்வாகவியல் டிப்ளமோ. அந்த முதல் ஆண்டு மாணவர்கள் மொத்தம் 4,528 பேர்.

எனக்குப் பாடங்கள் பழுப்புக் கவரில் வந்தன. சனி, ஞாயிறுகளில் சேப்பாக்கத்தில் காண்டாக்ட் கிளாஸ். 1995ல் பறக்கும் ரயில் சேப்பாக்கம் வரை வந்ததும், திருவொற்றியூரில் ஏறி பீச் ஸ்டேஷனில் மாறினால் போதும் என்றானது. வீட்டில் ஒரே அறை. ஆகவே பட்டினத்தார் கோயில் பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டிய பாறைகளில் உட்கார்ந்து படித்தேன். பொருளைத் துறந்த ஒரு வணிகர் அடங்கிய இடத்தில் லாப நஷ்டக் கணக்கு படிக்கிறோமே என்று தோன்றும். கணக்கைத் தெரிந்தவர்தான் அதன் எல்லையையும் தெரிந்துகொண்டிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

வேலையும் படிப்பும் சந்தித்த இடம் காஸ்டிங் தாள். பின் கார்டு, ஸ்டோர்ஸ் லெட்ஜர், முதலில் வந்த சரக்கை முதலில் வெளியே விடுவது என்று புத்தகத்தில் இருந்ததெல்லாம் நான் தினமும் கையால் எழுதியவை. புதியதாக இருந்தது ஒரு சூத்திரம். ஒரு பொருளை ஒரு முறைக்கு எத்தனை வாங்கினால் செலவு குறைவு? ஆண்டுக்கு 1,200 பேரிங் தேவை, ஒரு ஆர்டர் போட 100 ரூபாய் செலவு, ஒன்றை ஆண்டு முழுக்க வைத்திருக்க 6 ரூபாய் என்றால், 1,200ஐயும் 100ஐயும் பெருக்கி, இரட்டித்து, 6ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை 200. ஆண்டுக்கு ஆறு முறை வாங்கினால் போதும். அதுவரை எங்கள் ஸ்டோர்ஸில் கண் மதிப்பில்தான் இண்டென்ட் போட்டோம். மறுநாளே என் ரேக்குகளுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எது தேவைக்கு மேல் குவிந்திருக்கிறது, எது அடிக்கடி தீர்ந்துபோகிறது என்பது ஒரே தாளில் தெரிந்தது. பகல் நேர மாணவனுக்கு அது தேர்வுக் கணக்கு. எனக்கு அது என் ரேக்.

அந்தச் சூத்திரத்தை 1913ல் ஒரு தொழிற்சாலை நிர்வாக இதழில் எழுதியவர் ஃபோர்டு ஹாரிஸ், அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை பார்த்த பொறியாளர். உயர்நிலைப் பள்ளிக்கு மேல் அவர் படிக்கவில்லை. இன்று உலகத்தின் எம்.பி.ஏ. வகுப்புகளெல்லாம் அவருடைய கணக்கைப் படிக்கின்றன.

தொலைநிலை வழியில் படித்து வந்தவர்களுக்குப் பின்னால் நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய், திறந்தநிலை வழியில் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009ல் தமிழக அரசின் ஆணை வந்தது. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15க்குப் பிறகு அங்கீகாரம் இல்லை என்று அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓவர்டைம் பணத்தில் ஃபீஸ் கட்டியவர்கள் இருக்கிறார்கள். விதி மீறியவர்கள் அவர்கள் அல்லர், சுமந்தவர்கள் அவர்கள்.

தேர்வுக்கு விடுப்பும் அப்படித்தான். 1948ன் தொழிற்சாலைச் சட்டம் உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு தந்தது. படிப்புக்கென்று ஒரு நாளும் தரவில்லை. தேர்வு எழுதியவர்கள் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் வைத்திருந்த விடுப்பைத்தான் செலவழித்தார்கள். சம்பளத்துடன் கல்வி விடுப்பு தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974லேயே ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அதைப் போலப் பல்கலைக்கழகமும் வரட்டும். திருவொற்றியூரில் ஒரு தொடர்பு மையம், ஒரே பாடம் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, எந்த ஷிஃப்ட்காரரும் ஏதாவது ஒன்றில் உட்காரும்படி. அதோடு தேர்வு நாளுக்குச் சம்பள விடுப்பு தரச் சட்டத்தில் ஒரு பிரிவு. தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு இதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஆண்டு சேரப்போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: ஃபீஸ் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான மானியக் குழு அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.