மோரிஸ் மைனர்: ஸ்டார்ட்டர் மோட்டார் கோளாறுகள்

மோரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான சிறிய கார். 1971 வரை தயாரிக்கப்பட்டது. இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடுகிறது. 1952 முதல் இதில் ஏ-சீரிஸ் எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவது லூகாஸ் நிறுவனத்தின் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் மோட்டார். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இதன் பெயர் செல்ஃப் மோட்டார். வண்டி கிளம்பாவிட்டால் முதலில் கழற்றப்படுவது இதுதான். ஆனால் பல வண்டிகளில் கோளாறு மோட்டாரில் இருப்பதில்லை, அதற்கு மின்சாரம் வந்து திரும்பும் வழியில்தான் இருக்கிறது.

இன்றைய கார்களில் சோலனாய்டு முதலில் பல்சக்கரத்தைத் தள்ளிக் கோத்துவிட்டு, பிறகு மோட்டாரைச் சுழற்றும். மைனரில் அப்படியில்லை. மோட்டார் திடீரென வேகமெடுக்கும்போது, தண்டின் திருகுப்பள்ளத்தில் இருக்கும் பெண்டிக்ஸ் பல்சக்கரம் உடனே சுழல முடியாமல் பின்தங்கி, பள்ளத்தின் வழியே நகர்ந்து ஃப்ளைவீலின் ரிங் கியரில் போய்க் கோத்துக்கொள்ளும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் அதுவே பின்னால் எறியப்படும். எனவே வேகமெடுப்பு மந்தமானால் பல்சக்கரம் நகராது. மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றும். பெண்டிக்ஸ் கெட்டுவிட்டதாகத் தோன்றும் இந்த அறிகுறிக்குப் பேட்டரி முனையில் படிந்த பச்சைக் களிம்பும் காரணமாகலாம்.

கோளாறை இனம்பிரிக்கக் கருவி எதுவும் தேவையில்லாத ஒரு வழி உண்டு. முகப்பு விளக்கை எரியவிட்டு ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். மோட்டார் சுற்றாமல் விளக்கு நன்றாக மங்கினால் மின்சாரம் பாய்கிறது என்று பொருள்: பேட்டரி தளர்ந்திருக்கும், அல்லது பல்சக்கரம் ரிங் கியரில் சிக்கியிருக்கும். விளக்கு மங்கவே இல்லையென்றால் சுவிட்சிலோ கேபிளிலோ கார்பன் பிரஷ்ஷிலோ இணைப்பு அறுந்திருக்கிறது. பழைய மைனர்களில் டாஷ்போர்டில் உள்ள குமிழை இழுத்தால் கம்பி வழியாக சுவிட்சின் தடித்த செப்புமுனைகள் சேரும். அவை கருகித் தேய்ந்துபோவது சகஜம்.

வோல்ட்மீட்டர் இருந்தால் சோதனை துல்லியமாகும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சுழற்றும்போது 9.5க்குக் கீழே இறங்கக் கூடாது. அதே சுழற்சியின்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் (வண்டியின் உடலோடு இணைந்த முனை) மறுமுனையை மோட்டாரின் உடலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. மோட்டார் கேட்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். இந்த அளவில் சிறு தடைகூடப் பெரிய இழப்பாகிவிடும்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால், உடலோடு அதை மின்வழியாக இணைப்பது ஒரு பின்னல் பட்டை. அது அறுந்தால் மின்சாரம் சோக் கேபிள் வழியே திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட்டரை இயக்கும்போது சோக் கேபிள் சூடாகிப் புகைந்தால் வேறெதையும் தொடாமல் இந்தப் பட்டையைத்தான் பார்க்க வேண்டும். புதுப்பித்த வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: மோட்டார் பொருந்தும் முகத்தில் அழகுக்காக அடித்த பெயின்ட் எர்த்தை மறித்துவிடும். அந்த இடம் வெறும் உலோகமாக இருந்தாக வேண்டும்.

மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி. ஆகவே வேலை தொடங்குமுன் முதலில் கழற்றவேண்டியது பாசிட்டிவ் கேபிள். பழக்கத்தில் நெகட்டிவ்வை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் உடலில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினாலும் ஸ்டார்ட்டரை மாற்றத் தேவையில்லை. அது தொடர்ச்சுற்று மோட்டார். புலச்சுருளும் ஆர்மேச்சரும் சேர்ந்தே முனை மாறுவதால் சுழலும் திசை மாறாது.

பல்சக்கரம் சிக்கிக்கொண்டால், இக்னிஷனை அணைத்து, மேல் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும். விடாவிட்டால் மோட்டாரின் பின்முனையில் சிறு மூடிக்குள் இருக்கும் சதுரத் தண்டை ஸ்பேனரால் திருப்பலாம். அடிக்கடி சிக்கினால் பெண்டிக்ஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். கிரீஸ் தடவுவது தவறு: கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மோட்டாரையே பிரிக்கும் நிலை வந்தால், பெட்ரோலில் நனைத்த துணியால் கம்யூட்டேட்டரைத் துடைத்து, பிரஷ்கள் கூட்டில் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். டைனமோவில் செய்வதுபோலச் செப்புப் பட்டைகளுக்கிடையே உள்ள மைக்காவைக் கீறிப் பள்ளமாக்கக் கூடாது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் உள்சுவரில் உரசி, மின்சாரத்தை மட்டும் விழுங்கி மந்தமாகச் சுற்றும். புதிய வெண்கலப் புஷ்ஷை 24 மணி நேரம் மெல்லிய எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தே பொருத்த வேண்டும்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் நிற்கும். அதனால் ரிங் கியரின் பற்கள் அந்த இரண்டு இடங்களில் மட்டும் அதிகம் தேயும். சில நேரம் கரகரவென்று அரைத்து, சில நேரம் ஒழுங்காகக் கிளம்பும் வண்டியில் இதைச் சந்தேகிக்கலாம். இதற்குக் கியர்பாக்ஸை இறக்கி, ரிங் கியரைச் சூடாக்கிப் புதிதாக ஏற்ற வேண்டும்.