டப்பாவில் எழுதாத பெயர்

வாய்வழி உட்கொள்ளும் மருந்து குடலிலிருந்து நேரே உடலெங்கும் பரவிவிடுவதில்லை. முதலில் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். 1935-இல் அடோல்ஃப் பூட்டெனான்ட்டும் லியோபோல்ட் ருசிச்காவும் தனித்தனியே டெஸ்டோஸ்டீரோனைச் செயற்கையாக உருவாக்கினார்கள். அதை அப்படியே மாத்திரையாக்கினால் பயனில்லை; விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். மூலக்கூறின் பதினேழாவது கார்பன் அணுவில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்து வேதியியலாளர்கள் இத்தடையைக் கடந்தார்கள். கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாத அந்தப் பொருளே கல்லீரலுக்கு நஞ்சாகவும் ஆயிற்று. பித்தம் வெளியேறுவது தடைப்பட்டு, உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும் மஞ்சள் காமாலையும் வருகின்றன. நெடுநாள் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரலுக்குள் குருதி நிறைந்த குழிகளும் கட்டிகளும் உண்டாவதுண்டு.

இவ்வகை மாத்திரை ஒன்றை 1958-இல் சீபா நிறுவனம் டயனபால் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சோவியத் பளுதூக்கும் வீரர்கள் டெஸ்டோஸ்டீரோன் எடுப்பதை அறிந்திருந்த மேரிலாந்து மருத்துவர் ஜான் ஜீக்லர், பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பாப் ஹாஃப்மனின் ஆதரவில் பயின்ற வீரர்களுக்கு 1960 வாக்கில் அதைக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தூக்கிய எடை வியக்கத்தக்க வகையில் கூடியது. ஹாஃப்மன் உடற்பயிற்சிக் கருவிகளும் புரதப்பொடியும் விற்றவர், பத்திரிகையும் நடத்தியவர். வீரர்களின் வலிமைக்கான பெருமை பயிற்சிமுறைக்கும் கருவிக்கும் பொடிக்கும் போயிற்று. மாத்திரையின் பெயர் வாசகர்களை எட்டவில்லை. சொன்ன அளவைப் பலமடங்கு மீறி வீரர்கள் விழுங்கியதைக் கண்டு மனம் வெறுத்த ஜீக்லர், 1983-இல் இறப்பதற்கு முன், இதைத் தொடங்கிவைத்ததற்காக வெளிப்படையாகவே வருந்தினார்.

அன்று மருந்தின் புகழைப் பொடி எடுத்துக்கொண்டது. பின்னாளில் மருந்தே பொடியின் வேடத்தில் வந்தது. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அனபாலிக் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தியது. 1994-ஆம் ஆண்டுச் சட்டமோ, சப்ளிமெண்ட் எனப்படும் துணையுணவுகளை விற்பதற்கு முன் அரசின் ஒப்புதல் தேவையில்லை என்றது. இவ்விரண்டுக்கும் நடுவே வணிகர்கள் புகுந்தார்கள். 2004-இல் தடைப்பட்டியல் நீண்டது. பட்டியலில் இல்லாத மூலக்கூறுகளைத் தேடிப் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினார்கள். 1950-களில் உருவாக்கப்பட்டு, மருந்தாக ஒருபோதும் விற்பனைக்கு வராத மெதஸ்டீரோன், 2005-இல் சூப்பர்ட்ரால் என்னும் சப்ளிமெண்டாகக் கடைக்கு வந்தது. அதிலும் அதே பதினேழாவது அணுவில் அதே மெத்தில். காமாலையுடன் மருத்துவமனைக்கு வந்த இளைஞர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதத் தொடங்கின. உணவு மருந்து நிர்வாகம் 2006-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2009-இல் இத்தகைய சரக்குகள் குறித்துப் பொதுமக்களையே எச்சரித்தது. மெதஸ்டீரோன் தடைப்பட்டியலில் ஏறியது 2012-இல்தான்.

அந்த ஏழாண்டுகளில் அதை வாங்கியவர்களில் பலர் ஊக்கமருந்து தேடிப் போனவர்கள் அல்லர். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று மருத்துவர் கேட்டால், ஒன்றுமில்லை, சத்துப்பொடிதான் என்று உண்மையாக நம்பியே சொல்லியிருப்பார்கள். கடும் பயிற்சியால் தசையிலிருந்தும் அதே நொதிகள் குருதியில் கலக்கும் என்பதால், இரத்தப் பரிசோதனையில் தெரியும் முதல் அடையாளத்தையும் பயிற்சியின் விளைவென்று தள்ளிவிட வாய்ப்புண்டு. உட்கொள்வதை நிறுத்தினால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், மாதக்கணக்கில் ஆனாலும். ஆனால் எதை நிறுத்துவது என்று தெரிந்தால்தானே நிறுத்த முடியும்? ஹாஃப்மன் காலத்திலிருந்து டப்பா மறைத்துவந்தது அந்த ஒரு பெயரைத்தான்.