உயிர் காலேஜ் வண்டலூருக்கு வந்த கதை

அந்தக் கால மெட்ராஸில் வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இரண்டு காலேஜ்களைக் காட்டாமல் ஊருக்கு அனுப்ப மாட்டார்கள். ஒன்று செத்த காலேஜ், மற்றது உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியம்தான் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கம், மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இன்று தாம்பரம் தாண்டி வண்டலூரில் இருக்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அதன் தொடர்ச்சிதான். எங்கள் பக்கத்துக்காரர்கள் பலர் அது 1985-ல் புதிதாக முளைத்தது என்றே நினைக்கிறார்கள்.

உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜுக்குள்தான். மியூசியத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர். 1851-ல் அது முதலில் தொடங்கியது ஒரு கல்லூரிக் கட்டடத்தில். காலேஜ் என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். எழும்பூருக்கு வந்த பிறகு, ஆற்காட்டு நவாபிடம் இருந்த விலங்குகளைப் பால்ஃபர் பேசி வாங்கினார். 1855-ல் மிருகக்காட்சி சாலை தொடங்கியது. ஒரே வருடத்தில் முந்நூறுக்கு மேல் விலங்குகள். பஞ்சு அடைத்த புலியைப் பார்க்க வராத கூட்டம் உயிருள்ள புலியைப் பார்க்கத் திரண்டது.

1863-ல் பொறுப்பு நகராட்சிக்குப் போனது. விலங்குகள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறின. 116 ஏக்கர் பூங்காவின் ஒரு கோடியில் அவற்றுக்கு இடம். பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் ஊர் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வளர்ந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன், மூர் மார்க்கெட், ரிப்பன் கட்டடம் என்று ஒவ்வொன்றாக எழும்பின. சிறுவனாக மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி அங்கே போயிருக்கிறேன். இன்றும் நினைவில் இருப்பது சிங்கத்தின் உருவம் அல்ல, அதன் நடை. நாலு எட்டு, திரும்பல், மறுபடி நாலு எட்டு. 'பாரு, எப்படிக் கம்பீரமா நடக்குது' என்றார் பக்கத்தில் நின்றவர். அடைபட்ட விலங்கு இப்படி ஒரே தடத்தில் நடந்துகொண்டே இருப்பது மன உளைச்சலின் அடையாளம் என்று பின்னாளில்தான் படித்தேன்.

1970-களின் நடுவில், இனி அங்கே விரிவாக்க வழியில்லை, வாகன இரைச்சலும் தாங்கவில்லை என்ற நிலை வந்தது. 1976-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1979-ல் வேலை தொடங்கியது. முதற்கட்டச் செலவு ஏழரைக் கோடி. 1985 ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 30-ல், மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. பழைய மெட்ராஸ்காரனுக்கு அந்த வருடம் ஒரு கணக்கு முடிந்த வருடம்.

வண்டலூரில் புதிதாக வந்தது அகழி. கம்பிக்குப் பதிலாகப் பள்ளம் வெட்டி, அதற்கு அப்பால் மரம் மட்டையோடு விலங்கை விடுவது. 1907-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் பக்கம் கார்ல் ஹாகன்பெக் பிரபலமாக்கிய முறை இது. இத்தனைக்கும் அவர் விலங்கு வியாபாரி! கருணையைவிடக் காட்சிக்காகத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். எப்படியோ, விலங்குக்கு நடக்க இடம் கிடைத்தது. அதைவிட முக்கியமாக, ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது. மரத்தடியில் ஒதுங்கிய புலியைப் பார்த்து 'காசு குடுத்து வந்தா ஒண்ணுமே தெரியலையே' என்று இங்கே சலித்துக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. உடனே ஒரு கைதட்டல், ஒரு விசில். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் சேர்த்த பிரிவுகளின்படி பூங்கா விலங்கைச் சீண்டுவதும், தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் குற்றம். அதே திருத்தத்தின்படி 1992-ல் மத்திய விலங்குக்காட்சியக ஆணையமும் வந்தது. விசில் மட்டும் நிற்கவில்லை.

பூங்காவில் என் மதிப்பில் மேலான பகுதி, நாம் பார்க்க முடியாத பகுதி. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை சர்க்கஸில் பழக்கவும் ஆட்டி வைக்கவும் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் மீண்டும் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். மனிதருக்கு அடிப்படை உரிமை உண்டென்றால் விலங்குக்கு ஏன் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2000-ல் கேட்டது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்றது. சரி, வெளியே வந்த சிங்கம் எங்கே போகும்? பல்லும் நகமும் போன, கூண்டிலேயே பிறந்த விலங்கைக் காட்டில் விட முடியாது. நாட்டில் ஐந்து இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்தார்கள், அதில் ஒன்று வண்டலூர். அங்கே காட்சி கிடையாது; இனப்பெருக்கமும் கிடையாது. சர்க்கஸ் சிங்கங்களில் பல ஆசிய, ஆப்பிரிக்கக் கலப்பு. அந்த வம்சம் தன்னோடு முடியட்டும், ஆனால் இருக்கிறவரை சாப்பாடும் வைத்தியமும் கிடைக்கட்டும் என்பது ஏற்பாடு. சம்பாதித்துக் கொடுக்காத உயிருக்கு அரசாங்கம் செலவு செய்வதை நம் நாட்டில் அடிக்கடி பார்க்க முடியாது.

இடம் விசாலமாக இருந்தாலும் அடைப்பு அடைப்புதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2021 ஜூனில் கொரோனா சிங்கங்களைத் தொற்றியது. பார்வையாளரே வராமல் மூடியிருந்த நேரம். 3-ம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது; 16-ம் தேதி பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கம். நாமாவது கதவைச் சாத்திக்கொண்டோம். அவற்றுக்குச் சாவி வேறொருவர் கையில்.

பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வார நாளில் காலையிலேயே போங்கள், செவ்வாய் விடுமுறை. எல்லாவற்றையும் ஓடிப் பார்க்காமல் ஏதாவது ஓர் அடைப்பின் முன்னால் அரைமணி உட்காருங்கள். விலங்கு வெளியே வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் பையனுக்கு இந்த இரண்டு காலேஜ் கதையைச் சொல்லுங்கள், நேரம் போய்விடும்.