விளக்கேந்திய சீமாட்டியும் எண்ணிப் பார்த்த மரணங்களும்

தாதியர் பயிற்சி பெறும் என் மருமகள் சென்ற மாதம் தனது குறிப்புப் புத்தகத்தை என்னிடம் தந்து, கேள்வி கேட்கும்படி சொன்னாள். சோதனைக்கு ஒரு கிழமையே இருந்தது. கை கழுவும் முறை, உடல் வெப்பம், நாடி, சுவாசம், குருதி அமுக்கம் ஆகியவற்றைப் பார்த்துப் பதிதல், அறையின் காற்றோட்டம், படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். பாதியில் அவளுக்கே அலுத்துவிட்டது.

"மாமா, இதெல்லாம் அம்மம்மா வீட்டிலை செய்ததுதானே? இதைப் பாடமாக்கிச் சோதனையும் எழுதவேணுமோ?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அதற்குரிய விடை 1854 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்பொழுது கிரிமிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காயமுற்ற, நோயுற்ற பிரித்தானியப் படையினர் கருங்கடல் வழியாக ஸ்கூட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டனர். இன்று இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையில் உஸ்குதார் என்று அழைக்கப்படும் இடம் அது. அங்கிருந்த பெரிய படைமுகாம் ஒன்றே வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. 1854 நவம்பரில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் அங்கு போய்ச் சேர்ந்தார். சமையலையும் சலவையையும் சீர்செய்தார். படுக்கை விரிப்புகளும் உடுப்புகளும் கிடைக்க வழிசெய்தார். இரவில் விளக்குடன் நோயாளர் வரிசைகளைச் சுற்றிவந்தார். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த கதை இவ்வளவுதான்.

நாம் படிக்காத பகுதி ஒன்று உண்டு. அவர் சென்ற பின்னரும் மரணங்கள் குறையவில்லை, கூடின. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். பெரும்பாலானோரைக் கொன்றவை காயங்கள் அல்ல. வாந்திபேதி, வயிற்றுளைவு, ஒருவகை நச்சுக்காய்ச்சல் ஆகியனவே. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. அவற்றின் நாற்றம் நோயாளர் படுத்திருந்த இடம்வரை எழுந்தது. மார்ச் மாதத்தில் மருத்துவர் ஜோன் சதர்லாண்ட் முதலானோரைக் கொண்ட சுகாதார ஆணைக்குழு வந்திறங்கியது. கால்வாய்கள் கழுவப்பட்டன, விலங்குகளின் சடலங்கள் அகற்றப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, காற்று வர வழி திறக்கப்பட்டது. குளிரும் தணிந்தது. ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கிற்று.

யுத்தம் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து இறந்தோரைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கே அவரது கண்ணைத் திறந்தது என்றும், தம் பொறுப்பில் இருந்தோரின் சாவு அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது என்றும் ஹியூ ஸ்மோல் என்ற ஆய்வாளர் வாதிடுகிறார். இதை மறுப்போரும் உளர். ஆனால் கணக்கு கணக்குத்தான். 1858 இல் அவர் வெளியிட்ட வட்ட வரைபடத்தில், காயத்தால் நேர்ந்த மரணங்கள் சிறிய சிவப்புத் துண்டுகள். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்தவை அவற்றை விழுங்கிநிற்கும் நீலப் பரப்பு.

அதன் பின்னரே, 1859 இன் முடிவில், தாதிமை பற்றிய அவரது சிறு நூல் வந்தது. தூய காற்று, வெளிச்சம், சுத்தமான நீர், வடிகால், அமைதி, உணவு, அடிக்கடி கை கழுவுதல், எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளியைக் கூர்ந்து நோக்குதல் என்பனவே அதன் சாரம். கிருமிக் கொள்கை அப்போது நிலைபெறவில்லை. கெட்ட காற்றே நோய் தருகிறது என்று அவர் நம்பினார். காரணத்தில் தவறினார், காரியத்தில் தவறவில்லை. 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் பயிற்சிப் பாடசாலை திறக்கப்பட்டது. சரியாக நூறு ஆண்டுகளின் பின், 1960 இல், சர்வதேச தாதியர் மன்றத்துக்காக வேர்ஜீனியா ஹென்டர்சன் தாதிமையின் அடிப்படைகளை 14 ஆக வகுத்தார். இயல்பாகச் சுவாசித்தல்தான் அவற்றில் முதலாவது.

ஆகவே, என் மருமகளின் புத்தகத்தில் இருந்தவை வெறும் வீட்டுவேலைக் குறிப்புகள் அல்ல. அன்பும் உழைப்பும் நிறைந்திருந்த ஓரிடத்தில் மனிதர் ஏன் மடிந்தனர் என்று எண்ணிப் பார்த்ததன் விளைவுகள்.

இதை அவளிடம் சொன்னபோது இன்னொன்றையும் சொன்னேன். அவள் பிறப்பதற்கு முன், பாரிசவாதத்தால் என் தந்தையார் படுக்கையில் விழுந்தார். அம்மா அவரைக் குழந்தைபோலப் பார்த்தார். வேளை தவறாமல் ஊட்டினார், முகம் துடைத்தார். முதுகுப் பக்கத்தை நாங்கள் எவரும் பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற தாதியொருவர் சுகம் விசாரிக்க வந்து, அவரை மெல்லப் புரட்டியபோதுதான் எலும்புவரை போயிருந்த புண்ணைக் கண்டோம். மூன்று கிழமைகளில் அவர் போய்விட்டார். அம்மாவின் அன்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மருமகள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு படுக்கைப்புண் என்ற பக்கத்தைத் தானே புரட்டி, "இதிலையிருந்து கேளுங்கோ மாமா" என்றாள்.