பிரேக் சூவும் அதன் தூசியும்

யாழ்ப்பாணத்தில் எம்டி 90 என்றால் மேலதிக விளக்கம் தேவைப்படாது. ஜப்பானியத் தபாற்காரர்களுக்கென்று 1971 முதல் ஹொண்டா நிறுவனம் தயாரித்த சிவப்பு மோட்டார் சைக்கிள் அது. அங்கே கடிதம் சுமந்து களைத்தபின் எங்களிடம் வந்து சேர்ந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலைத் துளியாகக் காட்டி உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓடவிட்ட வண்டிகளில் அதுவும் ஒன்று. மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அந்த வண்டியை நிறுத்திய பிரேக்கின் வரலாற்றை நாம் பேசியதில்லை.

அதில் இருப்பது டிரம் பிரேக். சில்லின் நடுவே கிண்ணம் போன்ற ஒரு டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு சூக்கள். அவற்றின் ஒரு முனை அசையாத ஊசியொன்றிலும் மறு முனை கேமிலும் தாங்கி நிற்கும். பெடலை மிதித்தால் கேம் திரும்பிச் சூக்களை விரிக்க, அவற்றின் மேல் ஒட்டியுள்ள லைனிங் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும். வண்டி நிற்பதற்காகத் தான் தேய்ந்துபோவதே லைனிங்கின் தொழில். அது 2 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தால் மாற்றிவிடும்படி பல ஹொண்டாக் கைநூல்கள் சொல்கின்றன.

மாற்றுவது பெரிய வித்தையல்ல. சில்லைக் கழற்றிப் பிரேக் தட்டை வெளியே எடுக்கவேண்டும். பழைய சோடியை எடுத்துவிட்டு, புதிய சோடியில் ஸ்பிரிங்குகளைக் கொழுவி, பாதி திறந்த புத்தகம் போலப் பிடித்து, ஊசியிலும் கேமிலும் வைத்து இரண்டு கையாலும் அமத்தினால் உட்கார்ந்துவிடும். கேமுக்குத் துளி கிறீஸ் போதும். லைனிங்கில் ஒரு பொட்டும் படக்கூடாது. பெடலை மிதித்துப் பிடித்தபடி அச்சை இறுக்கினால் சூக்கள் டிரம்மின் நடுவே சரியாக அமரும். இவ்வளவும் எங்கள் கராஜ்களில் பன்னிரண்டு வயதுப் பொடியனுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பழைய சூவைக் கழற்றியவுடன் டிரம்முக்குள் ஒரு கறுப்புத் தூசி படிந்திருக்குமே, அது என்னவென்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வாயால் ஊதுவார்கள், அல்லது ரயருக்குக் காற்றடிக்கும் குழாயால் அடிப்பார்கள்.

தூசியின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. சரிவில் இறங்கும் குதிரைவண்டிக்காரர்கள் பழைய சப்பாத்தைப் பிரேக் கட்டையில் கட்டியிருந்ததைக் கண்டுதான் ஹேர்பேட் ஃப்ரூட் என்பவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1897இல் அவர் பிரேக் லைனிங் செய்யத் தொடங்கினார். முதலில் பருத்தி. மோட்டார் வண்டியின் சூட்டுக்குப் பருத்தி தாங்கவில்லை. 1908 அளவில் அஸ்பெஸ்ரஸ் நாருக்கு மாறினார். அது எரியாது, இழையாக நூற்கலாம், விலையும் மலிவு. பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பெரும்பாலான பிரேக் சூக்கள் அந்த நாராலேயே ஆயின.

ஆனால் அந்த நார் கொல்லும் என்பது அதற்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. பிரான்சின் நோர்மண்டியில் கொண்டே-சுர்-நுவாரோ என்ற ஊரில் 1890இல் ஓர் அஸ்பெஸ்ரஸ் நூற்பாலை தொடங்கியது. காற்றோட்டமே இல்லாத அந்த ஆலையில் ஐம்பதளவில் தொழிலாளர் இறந்ததைத் தொழிற் பரிசோதகர் டெனி ஒரிபோல் 1906இல் அறிக்கையாக எழுதினார். பின்னாளில் அதே ஊரில் எழுந்தது பிரேக் லைனிங் தொழிற்சாலை! இங்கிலாந்தின் ரொச்டேலில் அஸ்பெஸ்ரஸ் நூற்ற நெல்லி கேர்ஷோ 1924இல் இறந்தபோது அவருக்கு வயது 33. அவருடைய சுவாசப்பையை ஆராய்ந்த வைத்தியர் வில்லியம் குக் 1927இல் அந்த நோய்க்கு அஸ்பெஸ்ரோசிஸ் என்று பெயரிட்டார். பிரான்ஸ் இந்த நாரை முற்றாகத் தடைசெய்தது 1997 ஜனவரி 1ஆம் திகதி. ஒரிபோலின் அறிக்கைக்கும் இந்தத் தடைக்கும் இடையில் 91 ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான தடை 2005இல் வந்தது.

பாரிஸில் றெஸ்ரோறன்ற் குசினிகளில் வேலை செய்யும் நாங்கள், பழைய கட்டடங்களை இடிக்கும் இடங்களில் 'அமியாந்த்' என்ற எச்சரிக்கைப் பலகையைக் கண்டிருக்கிறோம். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் உள்ளே போவார்கள். அமியாந்த் என்பது வேறொன்றுமல்ல, அஸ்பெஸ்ரஸ்தான். ஊரில் அந்தச் சொல்லுக்கு எமக்குத் தெரிந்த பொருள் கூரைத்தகடு மட்டுமே. இங்கே முழு உடம்பையும் மூடிக்கொண்டு தொடும் பொருளை, அங்கே புதுச் சூ கிடைக்காத நாட்களில் பழைய சூவில் லைனிங் ஒட்டி, அரத்தால் ராவி, அரத்தாளால் தேய்த்தார்கள்.

அந்தத் தூசி முழுவதும் அஸ்பெஸ்ரஸ் என்று நாம் மிகைப்படுத்தத் தேவையில்லை. பிரேக்கின் சூட்டில் நாரின் பெரும்பகுதி உருமாறிப்போகிறது. எஞ்சுவது கொஞ்சம். ஆனால் ராவும்போதும் தேய்க்கும்போதும் பறப்பது உருமாறாத நார். அது தரும் நோய் இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். 1990களில் கராஜில் நின்ற பொடியன் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டான். தீராத இருமலோடு வைத்தியரிடம் போகும்போது, சிகரெட் பிடிப்பாயா என்று கேட்பார்கள். பிரேக் சூ ராவினாயா என்று யார் கேட்பார்கள்? அதை அவனேதான் சொல்லவேண்டும். சொல்வதற்கு முதலில் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இயந்திரங்கள் கடல் தாண்டி எங்களிடம் வந்தன. அவற்றோடு வரவேண்டிய எச்சரிக்கை வரவில்லை. இன்று அஸ்பெஸ்ரஸ் இல்லாத சூக்கள் கிடைக்கின்றன. ஆனால் பழைய வண்டியின் டிரம்முக்குள் இருப்பது எந்தக் காலத்துச் சூ என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. ஆகவே செய்யவேண்டியது எளிது. ஊதக்கூடாது, காற்றடிக்கக்கூடாது, காய்ந்த தூரிகையால் தட்டக்கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியவேண்டும். ஊரில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன் தம்பிமாரோடு தொலைபேசியில் கதைக்கும்போது, காசு அனுப்பிய செய்தியோடு இதையும் சொல்லிவைப்போம்.