திண்ணையும் திடலும்

இரவு எட்டரை மணி. ஒன்றரை ஷிப்டு முடித்துப் பனியன் கம்பெனியை விட்டு வெளிவரும் தோழனைப் பாருங்கள். மதுரைப் பக்கத்தான், ஒடிசாக்காரன், பீகாரி! வீரபாண்டித் தெருவெங்கும் மனித வெள்ளம். அதன் நடுவே அவன் தனியன். தேநீர்க்கடைப் பெஞ்சும் குவளை காலியாகும் வரைதான். பிறகு அறை; கைப்பேசியின் வெளிச்சம். கூட்டத்தின் நடுவே இத்தனிமை எங்ஙனம் விளைந்தது?

மன்றம் இருந்தது, சாவடி இருந்தது, திண்ணை இருந்தது என்று பழம்பெருமை பேசுவோர் உண்டு. இருந்தது, மெய்தான். யாருக்கு இருந்தது? ஊர்த் திண்ணையில் சேரித் தோழன் சமமாய் அமர்ந்ததுண்டா? சாவடி நிழலும் சாதி பார்த்தே விழுந்தது. ஊரில் பிறந்தும் ஊரற்றவனாக ஒருவனை ஒதுக்கி நிறுத்திய ஏற்பாட்டினும் கொடிய தனிமை ஏது? 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொணர்ந்தார். பொதுச்சாலை, கிணறு, குளம், மக்கள் கூடுமிடம் எதிலும் எவரையும் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். நிறைவேறிற்று. 'பொது' எனும் சொல்லுக்குப் பொருள் பிறந்தது, தாளிலாவது! தெருவில் பிறக்கப் பல்லாண்டு பிடித்தது.

சென்னைக் கடற்கரையில் உலாச்சாலை அமைத்து 'மெரினா' எனப் பெயரிட்டவர் 1880-களின் கவர்னர் கிராண்ட் டஃப். காற்று வாங்க அமைந்த இடம். அக்கடற்கரை மணலில் 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் தொழிலாளரைக் கூட்டினார். இந்தியாவின் முதல் மே நாள் அது. 1938 செப்டம்பரில் 'தமிழ்நாடு தமிழருக்கே' எனும் முழக்கம் எழுந்ததும் அங்கேதான்.

கடற்கரை எல்லா ஊருக்கும் வாய்க்குமா? சிற்றூருக்கு வாய்த்தது படிப்பகம். ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு பெஞ்சு, இரண்டு ஏடு, ஒரு விளக்கு. 1950-களில் மூலைமுடுக்கெல்லாம் முளைத்தன. எழுத்தறிந்தவன் உரக்கப் படிப்பான். அறியாதவன் கேட்பான், வினவுவான், வாதாடுவான். முடிதிருத்தகமும் அவ்வாறே பள்ளியாயிற்று. எந்தப் பொறியாளரும் வரைபடம் தீட்டவில்லை. ஆயினும் அமைப்பில் அறிவிருந்தது: தெருவை நோக்கிய வாயில், காசு கேளாத இருக்கை, பேசுவதற்கொரு பொருள். குறையும் சொல்லியாக வேண்டும். பெண்கள் அங்கே வந்தது அரிது.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதற் பொதுநூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணம் இயற்றியது. வீட்டுவரியோடு நூலக வரியும் இன்றும் கட்டுகிறோம். 2011-இல் வீரபாண்டி திருப்பூர் மாநகராட்சியில் இணைந்தது. எட்டரை மணிக்குப் பின்னும் விளக்கெரியும் ஒரு கொட்டகை, அதில் தமிழேட்டோடு ஓர் ஒடியா ஏடும் இந்தி ஏடும், தையல் முடித்து வரும் தங்கையும் அஞ்சாது அமர ஒரு பெஞ்சு: எந்தத் தெருவில் போடலாம், தோழர்களே?